துரைவண்டியின் ஹீட்டரை நான் சரிசெய்த கதை

மின்சாரத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன் கையில் ஒருபோதும் ஸ்க்ரூடிரைவரைக் கொடுக்கக் கூடாது. இதை நான் எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்லத் தயார். பாலக்காட்டில் ஒரு தனியார் தொழிற்பயிற்சிக் கூடத்தில் பன்னிரண்டு வருடங்களாக எலக்ட்ரீஷியன் பிரிவுக்கு வகுப்பெடுக்கிறேன். கரும்பலகையில் நான் வரைந்த சர்க்யூட் ஒன்றுகூட இதுவரை பழுதானதில்லை. (சாக்பீஸ் ஷாக் அடிக்காது.) அந்தத் தைரியத்தில்தான் கொழுந்தியாள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, மாமனாரின் பழைய காருக்கு எதிரில் நின்றுகொண்டு, "இது அரைமணி நேர வேலைங்க மாமா" என்று சொன்னேன்.

எனக்குச் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வெயிலும் தென்னையுமாக உள்ள பூமி. எங்கள் ஊரில் காருக்குள் ஹீட்டர் இருக்கிறது என்று சொன்னால், ஆளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். மனைவி ரெஜினாவின் வீடு சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில். மாமனார் அருளப்பன் அங்கே மேனேஜருக்கு, அதாவது துரைக்கு, டிரைவராக இருந்தவர். அந்தத் துரை போகும்போது விட்டுப்போன பழைய வெள்ளைக் காரை மாமா வாங்கிக்கொண்டார். எஸ்டேட் முழுக்க அதற்குத் துரைவண்டி என்றுதான் பெயர். மாமா அதை வருடாவருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் தன் கையால் பிரஷ் பிடித்துப் பெயின்ட் அடிப்பார். வீட்டுக்கு அடிப்பாரோ இல்லையோ, வண்டிக்கு அடித்துவிடுவார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பெண் துரைவண்டியில், முன் சீட்டில், அப்பா பக்கத்தில் உட்கார்ந்துதான் கோயிலுக்குப் போக வேண்டும். மூத்தவள் அப்படிப் போனாள், ரெஜினாவும் அப்படித்தான் போனாள். இரண்டு கல்யாணமும் மே மாதம் நடந்ததால் ஹீட்டரைப் பற்றி யாருக்கும் நினைப்பே வரவில்லை. கடைசிப் பெண் ஸ்டெல்லாவுக்கு மட்டும் ஜூலையில் நாள் குறித்தார்கள். ஆடி மாதம் என்பதால் மற்றவர்கள் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், சமையல்காரரும் பந்தல்காரரும் நாம் கேட்ட தேதிக்கு வருவார்கள் என்பது மாமியார் சவரியம்மாவின் கணக்கு. அத்தை கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்த மலையில் ஜூலை மாதம் மழையும் மஞ்சு என்கிற பனிமூட்டமும் விட்டுவிட்டு வராது. விடாமல் வரும்.

வீட்டிலிருந்து, எஸ்டேட்டின் கீழ்ப் பகுதியான கீழ் டிவிஷனில் இருக்கும் கோயில் எட்டு கிலோமீட்டர். வழியெல்லாம் மஞ்சு. காருக்குள் ஐந்து பேர் மூச்சு விட்டால் முன் கண்ணாடி உள்பக்கம் பால் பூசின மாதிரி ஆகிவிடும். அதைப் போக்கத்தான் ஹீட்டர். என்ஜின் சூட்டை ஒரு சின்ன மின்விசிறி உள்ளே ஊதிக் கண்ணாடியைத் தெளிய வைக்கும். ப்ளோயர் என்கிற அந்த விசிறி, வண்டி மாமா கைக்கு வந்த பிறகு சுற்றி யாரும் பார்த்ததில்லை.

"கண்ணாடி தெரியலன்னா நான் வண்டி எடுக்க மாட்டேன். ஜீப்பச் சொல்லிருவோம்" என்றார் மாமா. பொதுவாகவே அவர் நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவர்.

ஸ்டெல்லா எழுந்தாள். சமையற்கட்டுக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பாத்திரம் ஏற்கெனவே கழுவியிருந்தது. அக்காமார் இருவரும் உட்கார்ந்த இடத்தில் தானும் உட்கார வேண்டும் என்று அந்தப் பிள்ளை பத்து வயதிலிருந்து நினைத்திருக்கிறது. அப்போதுதான் நான் மேலே சொன்ன அரைமணி நேர வசனத்தைச் சொன்னேன். மாமா என்னைப் பார்த்தார். கல்யாணமாகி நான்கு வருடத்தில் அவர் என்னை ஒருமுறைகூட மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. "பாருங்க, வாத்தியாரே" என்றார்.

பார்த்தேன். முதலில் ஒரு வெள்ளைத் தாளில் சர்க்யூட் வரைந்தேன். பேட்டரி, ஃப்யூஸ், ஸ்விட்ச், மோட்டார். அழகாக வந்தது. (ரெஜினா அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள், என்னை மடக்குவதற்காக.) பிறகு மீட்டரை எடுத்தேன். ஃப்யூஸ் நன்றாக இருந்தது. ஸ்விட்சுக்குப் பன்னிரண்டு வோல்ட் வந்தது. ஸ்விட்சைத் தாண்டியும் வந்தது. மோட்டார் வாசல்வரை வந்தது. மோட்டார் மட்டும் சுற்றவில்லை. அப்படியானால் மோட்டார் போய்விட்டது என்று தீர்ப்பெழுதி, டேஷ்போர்டைக் கழற்றி, மோட்டாரை வெளியே எடுத்து, பேட்டரியில் நேராகக் கொடுத்துப் பார்த்தேன். ஜம்மென்று சுற்றியது. திரும்ப மாட்டினேன், சுற்றவில்லை. மறுபடி கழற்றினேன், சுற்றியது. இப்படி நான்கு தடவை. அரைமணி நேர வேலை ஒன்றரை நாளைத் தாண்டியது. கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் குடையோடு வந்து நின்று டேஷ்போர்டு இல்லாத காரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் ரெஜினா சாப்பிடக் கூப்பிட வந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். தாளைப் பார்த்தாள்.

"ஏங்க, மோட்டாருக்குப் போறதுக்கு வழி போட்டிருக்கீங்க. திரும்பி வர்றதுக்கு எங்க?"

"வண்டி பாடிதான் ரிட்டன். அது ஒனக்குத் தெரியாது."

"சரி, தெரியாது. ஆனா போன மாசம் ராத்திரி முழுக்க 'போன கரண்ட் திரும்பி வராம வேலை செய்யாது, கண்ணுகளா'ன்னு ரூமுக்குள்ள பாடம் ஒப்பிச்சிட்டிருந்தீங்களே, அது யாரு?"

மோட்டாரிலிருந்து கிளம்பும் கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது ஒரு திருகாணியில் வண்டியின் தகரத்தோடு சேர்ந்திருந்தது. அந்தத் திருகாணிக்கும் தகரத்துக்கும் நடுவில் மாமா பல கிறிஸ்துமஸ்களாக அன்போடு பூசிய வெள்ளைப் பெயின்ட், பப்படம் கனத்துக்குப் படிந்திருந்தது. திரும்பி வரும் வழி, அதாவது எர்த், எங்கிருந்து கிடைக்கும்? கத்தியால் சுரண்டினேன். வயரை இறுக்கினேன். ஸ்விட்சை இழுத்தேன். மடியில் கிடந்த மோட்டார் பாட ஆரம்பித்தது. எனக்கும் பாட வேண்டும் போலிருந்தது.

இனிமேல்தான் நான் செய்த பாவம் வருகிறது. மோட்டாரைப் பெட்டிக்குள் மாட்டும் முன், காற்று போகிற குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே சுற்றிலும் பழுப்பு நிறத்தில், மெத்தென்று, கம்பளி மாதிரி ஏதோ இருந்தது. விரலால் தொட்டுக்கூடப் பார்த்தேன். மாமாவைக் கூப்பிட்டேன்.

"பாத்தீங்களா மாமா, அந்தக் காலத்துல எப்படிச் செஞ்சிருக்கானுங்க. சத்தம் வராம இருக்கக் குழாய்க்குள்ள கம்பளி ஒட்டியிருக்கானுங்க. இப்பெல்லாம் யாருங்க இப்படிச் செய்யறாங்க?"

மாமா மூக்குக்கண்ணாடி போடாமல் எட்டிப் பார்த்து, "ம்" என்றார். எல்லாவற்றையும் மூடி முறுக்கிவிட்டேன். இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "பேட்டரி எறங்கிரும், காலைல வண்டி கெளம்பணும்" என்று அவர் சொன்னதால் விட்டுவிட்டேன். அன்றைக்கு ஸ்டெல்லா எனக்கு இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தாள்.

கல்யாணம் ஒன்பதரைக்கு. கோயில் சாமியார், அதாவது பாதிரியார், ஒருவரே ஐந்து எஸ்டேட் கோயில்களைப் பார்க்கிறவர். அன்று மேல் டிவிஷனில் பதினோரு மணிக்கு ஒரு சவ அடக்கம் இருந்தது. பத்தேகாலுக்குள் தாலி கட்டி முடியாவிட்டால் தான் கிளம்பியாக வேண்டும், கல்யாணம் சாயங்காலம்தான் என்று முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீட்டாரோ வண்டன்மேட்டிலிருந்து இரண்டு பஸ்ஸில் வந்து, மாலைக்குள் திரும்பிப் போக வேண்டியவர்கள்.

எட்டே முக்காலுக்குக் கிளம்பினோம். மாமா ஓட்டினார். முன் சீட்டில், வெள்ளைச் சேலையில், ஸ்டெல்லா. பின்னால் அத்தை, ரெஜினா, நடுவில் நான், மடியில் சுடுதண்ணீர் ஃப்ளாஸ்க். (அத்தைக்கு இருமல்.) மூன்றாவது வளைவில் மஞ்சு வந்து மூடியது. கண்ணாடி வெளுத்தது. மாமா துணியால் துடைத்தார், திரும்ப வெளுத்தது. ஃபேக்டரி வளைவுக்கு வந்தபோது அவர் வேகத்தைக் குறைத்து, தலையைத் திருப்பாமலே சொன்னார்:

"போடுங்க, மாப்பிள்ள."

நான்கு வருடம் காத்திருந்த வார்த்தை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் கையை நீட்டி, ஸ்விட்சை இழுத்தேன்.

முதலில் ஒரு வாசம் வந்தது. நல்ல வாசம்.

"யாரு டீ போடுறது?" என்றாள் அத்தை.

அதற்குப் பதில் சொல்லும் அவகாசம் இல்லை. டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த வாயிலிருந்து பழுப்பாக ஒரு மூட்டை கிளம்பி ஸ்டெல்லாவின் மடியில் விழுந்தது. பின்னாலேயே தூள். அதற்குப் பின்னால் இன்னும் தூள். கம்பளியுமில்லை, கிம்பளியுமில்லை. தேயிலையை உருட்டிச் சலிக்கும்போது ஃபேக்டரியிலிருந்து பறக்கிற பஞ்சு அது. துரை காலத்தில் அந்த வண்டி வருடக்கணக்காக ஃபேக்டரிச் சுவரை ஒட்டி நின்றிருக்கிறது. இழுத்த பஞ்சையெல்லாம் குழாய்க்குள் சேமித்துவைத்து, ஊத ஒரு ஆள் வருவதற்காகக் காத்திருந்திருக்கிறது. மாமா வண்டியை நிறுத்தினார். உள்ளே ஐந்து பேரும் பழுப்பாக உட்கார்ந்திருந்தோம். யாரும் இருமக்கூட இல்லை.

"யாரும் தொடாதீங்க" என்று அத்தை சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் நான் ரெஜினாவைத் தாண்டி இறங்கி, முன் கதவைத் திறந்து, ஃப்ளாஸ்க்கிலிருந்த சுடுதண்ணீரைக் கைக்குட்டையில் ஊற்றி, ஸ்டெல்லாவின் சேலையைத் துடைக்க ஆரம்பித்திருந்தேன்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் துணியில் தூசி பட்டால் தண்ணீர் தொட்டுத் துடைப்போம். மலையில் பிறந்த ஒரு குழந்தைகூடத் தேயிலைத் தூள்மேல் சுடுதண்ணீர் ஊற்றாது, டம்ளரில் தவிர. நான் துடைக்கத் துடைக்க நிறம் ஏறியது. அழுத்தித் துடைத்தேன், பரவியது. மடிப்பு முழுக்க இறங்கி, ஒரு பெரிய தட்டு அளவுக்கு, நல்ல கடுஞ்சாயா நிறத்தில் வந்து நின்றது.

"தம்பி, போதும். விட்டிருங்க" என்றாள் அத்தை. மிகவும் மெதுவாகத்தான் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஸ்டெல்லா மடியைப் பார்த்தாள். பிறகு மணி கேட்டாள். ஒன்பது ஆக ஐந்து நிமிடம். வீட்டுக்குத் திரும்பிப் போய் வரவும் முடியாது. போனாலும் வேறு வெள்ளைச் சேலை இல்லை. மாப்பிள்ளை வீட்டுச் சேலை கோயிலில் இருந்தது, தாலி ஏறும் முன் அதைத் தொடக் கூடாது. மாமா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

ஃபேக்டரி கேட்டிலிருந்து பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தாள். பாக்கியம் என்று பெயர். உள்ளே பச்சை இலையை வாட்டும் இடத்தில் வேலை செய்கிறவள், அத்தையின் பழைய சிநேகிதி. காருக்குள் எட்டிப் பார்த்தாள். சேலையைப் பார்த்தாள். என்னையும் கைக்குட்டையையும் பார்த்தாள்.

"யாரு, பாலக்காட்டு மருமகனா?" என்று கேட்டாள். பிறகு எதுவும் கேட்கவில்லை.

"பாக்கியக்கா, இந்தக் கறைய எடுக்க முடியுமா?" என்றாள் ஸ்டெல்லா.

"தேயிலக் கறை போவாதுடி தங்கம். எங்க கையப் பாரு."

ஸ்டெல்லா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப முழுசும் அதே கலராக்கிருங்க" என்றாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் பெண்கள் ராஜ்ஜியம். ஸ்டெல்லாவை உள்ளே கூட்டிப்போய் யாருடைய நைட்டியையோ உடுத்திவிட்டார்கள். கேன்டீனில் ஒன்பது மணி டீக்காகக் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவில், பாலும் சீனியும் போடும் முன், சேலையை இறக்கினார்கள். (அன்று முதல் ஷிப்டுக்கு டீ கிடையாது. யாரும் முறையிடவில்லை.) பிழிந்து, மேல்மாடியில் இலை வாட்டுகிற நீளக் கம்பிவலை மேடையில் விரித்தார்கள். அடியிலிருந்து ஆளுயர விசிறி ஊதியது. ஆறு கஜமும் மடிப்பில்லாமல் அந்த மேடையில் கிடந்து படபடத்தது.

விசிறியின் ஸ்விட்ச் பெட்டியை நான் லேசாகத் திரும்பிப் பார்த்தேன்.

"வாத்தியாரே, கைய ரெண்டையும் பாக்கெட்டுல போட்டுட்டு அந்தச் சொவத்துகிட்ட நில்லுங்க" என்றாள் பாக்கியம். நின்றேன். சுவருக்குப் பக்கத்தில் மாமாவும் வந்து நின்றார். செல்போனில் சிக்னல் இல்லாததால் ஃபேக்டரி போனிலிருந்து கோயிலுக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார். 'பத்தேகால்வரை நிற்பேன், அதற்குமேல் ஒரு நிமிடம் இல்லை' என்று சாமியார் பதில் சொல்லியிருந்தார்.

"நானும் எட்டிப் பாத்தேன்ல" என்றார் மாமா, விசிறியைப் பார்த்துக்கொண்டே. "பஞ்சுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். இருவத்தேழு வருசம் இதே ஃபேக்டரி வாசல்ல நின்னவன்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க மாமா" என்றேன்.

"ஆனா தண்ணி ஊத்துனது நீங்கதான்" என்றார்.

ஒன்பதே முக்காலுக்குச் சேலை காய்ந்துவிட்டது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஈரம். பத்தடிக்கப்பால் என்னை நிறுத்தி வைத்துவிட்டு, கொசுவம் பிடித்து ஸ்டெல்லாவைத் தயார் செய்து காரில் ஏற்றினார்கள். மாமா ஹீட்டரைத் தானே போட்டார். குழாயில் இனி வருவதற்கு ஒன்றுமில்லை. இதமான காற்று வந்தது. கண்ணாடி பளிங்கு மாதிரி தெளிந்தது. அந்த மஞ்சில் அவ்வளவு வேகமாக அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. என் சர்க்யூட் அருமையாக வேலை செய்தது. அதைப் பற்றிப் பேச அந்த வண்டியில் யாருக்கும் மனமில்லை.

பத்து ஐந்துக்குக் கோயில் வாசலில் நின்றோம். சாமியார் அடக்கத்துக்குப் போகத் தயாராகச் செருப்பைக்கூட மாற்றியிருந்தார். ஸ்டெல்லா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். கோயிலே திரும்பிப் பார்த்தது. மழை இருட்டில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், அந்தச் சேலை தேன் நிறத்தில் இருந்தது. மாப்பிள்ளை ஜோசப் அது ஏதோ புதுவகைப் பட்டு என்றே நினைத்தாராம். சாமியார் பிரசங்கத்தை விட்டுவிட்டு நேராக வாக்குறுதிக்கு வந்தார். பத்து பதினான்குக்குத் தாலி ஏறியது. பிரசங்கம் இல்லாத கல்யாணம் என்று வண்டன்மேட்டுக்காரர்கள் இன்றுவரை மெச்சுகிறார்கள். பந்தியில் இரண்டு பெண்கள் அத்தையிடம் வந்து அந்தக் கலர் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்கள். "பாலக்காட்டுல ஆர்டர் குடுத்துச் செஞ்சது" என்றாள் அத்தை, முகம் மாறாமல்.

இதெல்லாம் நடந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போதும் நான் அங்கே போகிறேன் என்று ரெஜினா போன் செய்தால், அத்தை அவள் காதுபட உள்ளே குரல் கொடுப்பாள்: "வாத்தியாரு வர்றாராம், கொடியில கெடக்குற வெள்ளத் துணியெல்லாம் எடுத்து உள்ள வைங்க." அண்டை வீட்டுக்காரர்களும் எடுத்து வைக்கிறார்கள். சென்ற முறை நான் போனபோது தொழிலாளர்களின் லைன் வீடுகளில் ஒரு வெள்ளை வேட்டிகூட வெளியில் இல்லை. மாமா மறுபடி வாத்தியாரே என்றுதான் கூப்பிடுகிறார்.

போன மாதம் ஸ்டெல்லாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக என்னை நிற்கச் சொன்னாள். சொந்தத்தில் எத்தனையோ பேர் இருக்க என்னையா என்று எனக்கே ஆச்சரியம். வெள்ளைச் சட்டை போட்ட குழந்தையை என்னிடம் கொடுக்கும் முன், மாமா என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார். சாமியார் சிரிப்பை அடக்க ஜெபப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்து கை கழுவும்போது, குழந்தையோடு நின்ற ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"அவ்வளவு பண்ணினவனை எதுக்கும்மா கூப்பிட்டே?"

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று ஃபேக்டரிச் சுவருக்குப் பக்கத்தில் நின்றதைச் சொன்னேன். அங்கே நின்று என்ன செய்தேன் என்பதைச் சொல்லவில்லை. யாராவது கேட்டால் கண்ணில் தேயிலைத் தூள் விழுந்தது என்றுதான் மூன்று வருடமாகச் சொல்லிவருகிறேன்.

"அத்தான், அன்னைக்கு உள்ள அறையில நைட்டியப் போட்டுட்டு உக்காந்து, அழலாம்னுதான் இருந்தேன்" என்றாள் ஸ்டெல்லா. "ஜன்னல் வழியா பாத்தா நீங்க பாக்கெட்டுல கைய விட்டுட்டு, சொவத்தப் பாத்துத் திரும்பி நின்னு, தேம்பித் தேம்பி அழுறீங்க. அப்பா ஒங்க முதுகத் தடவிட்டு நிக்காரு. எங்கப்பா யாரு முதுகையும் தடவி நான் பாத்ததில்ல. அதப் பாத்துட்டே இருந்ததுல எனக்கு அழ மறந்துபோச்சு."

சொல்லிவிட்டு, குழந்தையைத் திரும்ப என் கையில் கொடுத்தாள்.